‘ஏன்’ அண்ணனின் அரைப்பேர் வியாபாரம்

கடையிலிருந்து வெறுங்கையோடு வெளியே வருகிறவரை நடுவீதியில் மறித்து, “ஏங்க ஒன்னும் வாங்கல?” என்று கேட்கவும், அவர் சொல்கிற பதிலை அப்படியே நம்பவும் இந்த உலகத்தில் ஒரே ஒரு மனிதரால்தான் முடிந்தது. அவர் இலங்கை மலையகத்தில், எங்கள் ஹட்டனில் இருந்தார். அவரைப் போல இன்னொருவர் இருந்திருந்தால் இருவரும் ஒருவரையொருவர் கேள்வி கேட்டே செத்திருப்பார்கள்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். பிரதான வீதியில் அது யாருக்கும் தேவைப்படவில்லை. எல்லோருக்கும் அவர் ‘ஏன்’ அண்ணன். என் வயதில் பாதிகூட அவருக்கு இருக்காது. ஆனாலும் ஊரோடு சேர்ந்து நானும் அண்ணன் என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.

ஒரு முறை பல் பிடுங்கப் போனார். வாயைத் திறக்கச் சொன்ன டாக்டரிடம், “நீங்க ஏன் டாக்டர் பல்லுக்கு வந்தீங்க? கண்ணு, காதுன்னு எவ்வளவோ இருக்கே?” என்றார். டாக்டர் முதலில் சிரித்தார். அப்புறம் யோசித்தார். அப்புறம் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் தகப்பனாரில் தொடங்கிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். வெளியே ஒரு கூட்டமே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. ‘ஏன்’ அண்ணன் வெளியே வந்தபோது டாக்டரின் முழு வரலாறும் அவரிடம் இருந்தது. பல்லும் அவரிடமே இருந்தது.

நான் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆயுள் முழுக்க ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, நானாவின் புடைவைக் கடைக்கு மேல்மாடியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். நானா என்பது ஊரே அழைக்கிற பெயர். துணி அளக்கும்போது ஒரு விரற்கடை கூடுதலாகவே விட்டு வெட்டுகிற நல்ல முஸ்லிம் பெரியவர். இந்தக் கதையில் ஒரு தவறு வருகிறது. அதைச் செய்தது நான். இடையில் யாரும் ‘ஏன்’ அண்ணனைச் சந்தேகித்துவிடக் கூடாது என்பதற்காக இப்போதே சொல்லி வைக்கிறேன்.

றொசல்லைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்று அவருடையது. மனைவி புஷ்பம் கொழுந்து பறிப்பவர். இவர் மட்டும் காலை ரயிலில் மடிக்கணினியோடு ஹட்டனுக்கு வந்து, போனும் இணையமும் கிடைக்கிற ஒரு கொமினிகேஷன் கடையின் மூலையில் உட்கார்ந்து, நல்லதண்ணி, நுவரெலியா பக்கத்து விடுதிக்காரர்களுக்கு வலைத்தளம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் அதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. வலைத்தளம் கட்டுவதற்கென்றே இணையத்தில் ஒரு மேடை இருக்கிறது. ஆயத்தமாக இருக்கிற துண்டுகளை இழுத்து வைத்தால் தளம் எழும்பிவிடும். அந்த மேடைக்கு ஒரு சந்தையும் உண்டு. வெளியாட்கள் செய்த சின்னச் செயலிகளை அந்தச் சந்தையில் வாங்கித் தங்கள் தளத்தில் பொருத்திக்கொள்ளலாம்.

எனக்கு இது விளங்கவில்லை. அவர் விளக்கினார்.

“லயத்துக் காம்பராவ கம்பெனி கட்டிக் குடுத்துருச்சுன்னு வைங்க சேர். கதவும் இருக்கு. ஆனா கதவுக்குக் கொக்கி இல்ல. ஒலகம் பூரா லட்சக்கணக்கான கதவு இருக்கு. அந்தக் கொக்கிய விக்கிறவன்தான் நான்.”

“என்ன கொக்கி?”

“அதத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்.”

தேடல் நானாவின் கடை வாசலில் தொடங்கியது. அவர் செய்து கொடுத்த விடுதித் தளங்களுக்கு ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள், அறை எடுக்காமலே போனார்கள். ஏன் போகிறார்கள் என்று தெரிந்தால் போதும், அதையே ஒரு செயலியாக்கி விற்றுவிடலாம் என்பது அவருடைய யோசனை. இணையத்தில் போகிறவனைப் பிடிக்க முடியாது. புடைவைக் கடையிலிருந்து போகிறவரைப் பிடிக்கலாம்.

“பிடிக்கல தம்பி, விடுங்க” என்றார் ஒரு பெண்.

“என்னத்தப் பிடிக்கல?”

“மொதல்ல துணியப் பிடிக்கல. இப்ப ஒங்களப் பிடிக்கல.”

உள்ளேயிருந்து நானா அளவுகோலோடு ஓடி வந்தார். “என்ன மனுசன் நீங்க! வார யாவாரத்த வாசல்லயே வெட்டுறீங்களே!”

ஆனால் கூடையோடு வந்த ஒரு வயதான அம்மா நின்று பதில் சொன்னார். “மேத்தட்டுல இருக்கத எடுக்கச் சொன்னா அந்தப் புள்ள ஏணி போட்டு ஏறும். ஏறி எறக்குன பொறகு வேணாமுன்னு சொல்ல மனசு வருமா? அதான் கேக்காமலே வந்துட்டேன்.”

‘ஏன்’ அண்ணன் அதை நானாவிடம் போய்ச் சொன்னார். நானா சிரித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று மேல்தட்டுச் சேலைகளைக் கைக்கெட்டும் உயரத்துக்கு இறக்கி வைத்தார். அந்தத் தீபாவளிக்கு முதலில் தீர்ந்துபோனவை அந்தச் சேலைகள்தான். மறுவாரம் கடையின் பின்பக்கத்தில் ‘ஏன்’ அண்ணனுக்கு வாடகையில்லாத ஒரு மேசை கிடைத்தது. அளவுகோலோடு விரட்டிய நானாவே போகிறவர்களைப் பார்த்து, “நில்லுங்க, அவருக்கு ஒரு பதில் சொல்லிட்டுப் போங்க” என்று சொல்லத் தொடங்கினார்.

மேசை வந்ததும் வேலை தொடங்கியது. முதல் நாள் காலை நான் மாடிப்படியில் இறங்கும்போது கீழே இரண்டு பேர் சண்டை போடுகிற சத்தம்.

“நேத்து குடுத்த வேல எங்க?”

“கரண்டு போயிருச்சுங்கய்யா.”

“கரண்டு போனா கையி எங்க போச்சு? அரைப்பேர்!”

“அய்யா, கொஞ்சம் பாத்துப் போடுங்கய்யா.”

“அரைப்பேர்னா அரைப்பேர்தான். நட!”

எட்டிப் பார்த்தேன். ‘ஏன்’ அண்ணன் மட்டும் நின்றுகொண்டிருந்தார். கணக்கப்பிள்ளையாக ஒரு பக்கம் திரும்பி அதட்டினார். தொழிலாளியாக மறுபக்கம் திரும்பித் தலையைச் சொறிந்தார். தோட்டத்தில் தினமும் காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பதற்குப் பெரட்டு என்று பெயர். குறித்த எடைக்குக் கொழுந்து எடுத்தால் அன்றைக்கு முழுப்பேர், அதாவது முழுச் சம்பளம். எடை குறைந்தால் அரைப்பேர். இவர் தனக்குத் தானே பெரட்டு வைத்துக்கொண்டார். தனக்குத் தானே அரைப்பேரும் போட்டுக்கொண்டார். அரைப்பேர் நாளில் பாதிச் சோறுதான் சாப்பிடுவது என்பது அவருடைய சட்டம். மீதிப் பாதிப் பார்சல் எனக்கு வந்துவிடும். அந்தக் காலத்தில் நான் மின்வெட்டை வெறுத்ததே இல்லை.

செயலி ஒரு வழியாக உருவாகியது. தளத்தைவிட்டுக் கிளம்பப் போகிறவர் கண்ணுக்கு முன்னால், ஆவி பறக்கிற ஒரு தேநீர்க் கோப்பை வந்து நிற்கும். அதன் கீழே ஒரு வரியில் கேள்வி. பதில் எழுதினால் அது தளத்துக்காரருக்கும் ‘ஏன்’ அண்ணனுக்கும் போய்ச் சேரும். கேள்வியை ஆங்கிலத்தில் எழுதுவது என் பொறுப்பு. ஆயுள் முழுக்கப் பரீட்சைத் தாள் தயாரித்தவன் அல்லவா? தாங்கள் இவ்விடத்தை விட்டுப் புறப்படுவதற்கான காரணத்தைத் தயவுகூர்ந்து குறிப்பிடவும் என்கிற தோரணையில் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். வாசித்துப் பார்த்தார்.

“ஏர்போட்ல பாஸ்போட்ட வாங்கி வச்சிக்கிட்டுக் கேக்குற மாதிரி இருக்கு சேர்.”

“பின்னே எப்படி வேண்டும்?”

“வீட்டுக்கு வந்தவங்க டீ வைக்கிறதுக்குள்ள எந்திரிச்சிட்டா எப்படிக் கேப்போம்? ‘அதுக்குள்ள கெளம்பிட்டீங்களா? ஏன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்களேன்’னு கேப்போம்ல? அது வேணும்.”

அந்த ‘போங்களேன்’ என்பதில் இருக்கிற ‘ஏன்’ என்ற இழுப்பை ஆங்கிலத்தில் கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பிறகு விலை. சந்தையில் மற்றச் செயலிகள் எல்லாம் மாதத்துக்கு இவ்வளவு என்று வாங்கின. ‘ஏன்’ அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. “பதிலே வராத மாசத்துக்கும் காசா? அது என்ன ஞாயம்? கொழுந்து எடுத்தாத்தானே சேர் பேரு?” பயன்படுத்தின அளவுக்குக் கட்டணம் என்று ஒரு வழியும் மேடையின் விதிகளில் இருந்தது. அதைக் கண்டதும் மேசையைத் தட்டினார். “பாத்தீங்களா, வெள்ளக்காரனுக்கும் பேர்க் கணக்கு தெரிஞ்சிருக்கு!”

ஒரு நாளில் இத்தனை பதில் வந்தால் தளத்துக்காரர் முழுப்பேர் கொடுக்க வேண்டும். குறைந்தால் அரைப்பேர். ஒன்றும் வராவிட்டால் ஒன்றும் கிடையாது. இதுதான் அவர் வைத்த விலை. செயலியைப் பரிசோதித்த மேடைக்காரர்கள் இப்படி ஒரு விலையை இதுவரை பார்த்ததில்லை என்று எழுதியிருந்தார்கள். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

இத்தனை அவசரத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. புஷ்பம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக எழுதிக் கொடுத்திருந்தார். பாஸ்போட் எடுத்தாயிற்று, மெடிக்கல் முடிந்தாயிற்று. ஏஜன்ட் போனில் கோல் எடுத்தால் கிளம்ப வேண்டியதுதான். லயத்துக் கூரை ஒழுகுகிறது, கடன் ஒழுகவில்லை, தங்கியே நிற்கிறது என்று அவர் ஒரு முறை என்னிடம் சொன்னார். கணவரிடம் ஒரு வாக்கும் கொடுத்திருந்தார்.

“ஏஜன்ட் கூப்புடுறதுக்குள்ள ஒங்க ஆப் ஒழுங்கா முழுப்பேர் போடட்டும். பாஸ்போட்டப் பெட்டியில வச்சுப் பூட்டிடுறேன். இல்லன்னா என்னயத் தடுக்கக் கூடாது.”

செயலி சந்தைக்கு வந்தது. நல்லதண்ணியில் விடுதி நடத்துகிற ஒரு சிங்களப் பெண்மணி முதலில் பொருத்திக்கொண்டார். அவரை நாங்கள் நோனா என்போம். அப்புறம் எங்கேயோ குளிர் நாட்டில் மெழுகுவர்த்தி விற்கிற ஒரு பெண், நாய்க்கு முடிவெட்டுகிற ஒருவர் என்று முகம் தெரியாத சிலர். கோப்பை ஆவி பறந்தது. பதில்தான் வரவில்லை. வந்தவர்கள் கோப்பையை மூடிவிட்டுப் போனார்கள். பெரட்டுச் சத்தம் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போனது. “இன்னைக்கும் பேரு இல்லய்யா” என்று தொழிலாளி சொன்னால், கணக்கப்பிள்ளைக்கும் அதட்டத் தெம்பில்லை. ஏஜன்ட் அந்த வாரமே டிக்கட் வரலாம் என்று சொல்லியிருந்தார்.

அன்று மத்தியானம் மேலே என் அறைக்குப் போனேன். கைப்பேசியை எடுத்து நோனாவின் விடுதித் தளத்தைத் திறந்தேன். கோப்பை வந்தது. சுடுதண்ணீர் வருமா என்று எங்கேயும் குறிப்பிடவில்லை, அதனால் போகிறேன் என்று ஒரு வெளிநாட்டுப் பயணியாக ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். இரக்கத்தால் செய்தேன் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

கீழே நாற்காலி விழுந்தது. “சேர்! சேர்! ஒருத்தர் பேசிட்டாரு!”

இரக்கம் அன்றோடு நின்றிருந்தால் மன்னிக்கலாம். எனக்கு ருசி பட்டுவிட்டது. ஆயுள் முழுக்கப் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தியவனுக்கு, எழுதுவதை எல்லாம் நம்புகிற வாசகர் ஒருவர் கிடைத்துவிட்டார். மறுநாள் ஜெர்மன் பொறியியலாளர் ஆனேன். அதற்கடுத்த நாள் புதிதாகக் கல்யாணம் முடித்த தம்பதி. மெழுகுவர்த்திப் பெண்ணின் தளத்தில், படத்தில் மெழுகுவர்த்தி எரியவே இல்லையே என்று கோபித்துக்கொண்டேன். எல்லாவற்றிலும் என் தலைசிறந்த படைப்பு, அட்டைக்குப் பயந்த மனிதர். காட்டுப் பாதையில் அட்டை காலில் ஏறுமோ என்ற அச்சத்தால் அறை எடுக்காமல் போகிறவர் அவர். பெயர், குடும்பம், பழைய ஓர் அட்டைச் சம்பவம் எல்லாம் அவருக்கு வைத்தேன். அட்டைக்கு ஒரு வழி செய்தால் வருவேன் என்றும் எழுதினேன்.

‘ஏன்’ அண்ணன் ஒவ்வொரு பதிலையும் உயிருள்ள மனிதராகவே நடத்தினார். சுடுதண்ணீர்க்காரருக்காக நோனாவைக் குளியலறைப் படம் எடுத்துப் போட வைத்தார். அட்டைக்காரருக்காக ஒவ்வொரு அறையிலும் உப்புப் பொட்டலம் வைக்கச் சொன்னார். “பாவம் சேர், சின்ன வயசுல ரொம்பப் பயந்திருக்காரு. ஏன் அப்பவே யாரும் சொல்லிக் குடுக்கல?” நான் தலையாட்டினேன். குளிர் நாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றப்பட்டது. தளங்களில் முழுப்பேர் விழத் தொடங்கியது.

மேடைக்காரர்கள் பணத்தைக் கையில் கொடுப்பது பிறகுதான். ஆனால் கணக்கு அன்றன்றைக்குத் திரையில் தெரியும். அதைத் தூக்கிக்கொண்டு அவர் லயத்துக்கு ஓடினார். புஷ்பம் பார்த்தார். ஏஜன்டின் கோல் வந்தபோது, “நான் வரல” என்று சொல்லிவிட்டார். பாஸ்போட் பெட்டிக்குள் போனது. மறுநாள் ‘ஏன்’ அண்ணன் எனக்கு மஸ்கட் இனிப்பு வாங்கி வந்தார். வாயில் போட்டுக்கொண்டேன். மீதியை நானாவிடம் கொடுத்துவிட்டேன்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நிறுத்தினால் பேர் விழாது. பேர் விழாவிட்டால் புஷ்பத்துக்குத் தெரிந்துவிடும். அதனால் தினமும் எழுதினேன். ஆசை தீர்ந்து அது வேலையாகிவிட்டது. குறித்த எடையை நிரப்புவதற்காக மேலே உட்கார்ந்து ஒல்லாந்துக்காரனாகவும் ஜப்பான்காரியாகவும் மாறி மாறிப் பொய் பறித்துக்கொண்டிருந்தேன்.

குட்டு உடைந்தது நோனாவால். சிவனொளிபாத மலைக்கு யாத்திரைக் காலம் தொடங்கியிருந்தது. நல்லதண்ணியில் படுக்க ஒரு பாய் கிடைக்காது. நோனா ‘ஏன்’ அண்ணனுக்குக் கோல் எடுத்தார். கீழ்த்தளத்தில் நல்ல அறை ஒன்றை அட்டைக்காரருக்காக ஒதுக்கி வைத்திருப்பதாகவும், வந்த இரண்டு குடும்பங்களைத் திருப்பி அனுப்பிவிட்டதாகவும், அந்த மாத்தயா, அதாவது அந்த ஐயா, எப்போது வருவார் என்றும் கேட்டார். ‘ஏன்’ அண்ணன் போனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். “சேர், அவருக்கு நல்ல இங்கிலீஷ்ல ஒரு வார்த்த எழுதுங்களேன். உப்பு இருக்கு, பயப்படாம வரச் சொல்லுங்க.”

நானா அந்தப் பக்கம் துணி கிழித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லிவிட்டேன்.

“அந்த ஆள் நான்தான்.”

அவருக்கு விளங்கவில்லை. மறுபடியும் சொன்னேன். ஜெர்மன்காரரைச் சொன்னேன், தம்பதியைச் சொன்னேன், மெழுகுவர்த்தியைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டார். மடிக்கணினியை மூடினார். இந்த மனிதர் இப்போது ‘ஏன்’ என்று கேட்பார், சொல்ல வேண்டும் என்று நான் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

“நாளைக்கு வீட்டுக்கு வந்து புஷ்பத்துக்கிட்ட சொல்லிருங்க சேர்” என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் றொசல்லையில் ரயிலை விட்டு இறங்கி, மேடேறி லயத்துக்குப் போனேன். புஷ்பம் மலையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். குடிப்பதற்கு முன்னாலேயே சொன்னேன்.

“அப்ப அந்த முழுப்பேரெல்லாம்?”

“நான் எழுதினதும்மா.”

“அந்த அட்டைக்காரரு?”

“நான்தான்.”

“கல்யாணம் முடிச்சிட்டு வந்த புள்ளைக?”

“ரெண்டு பேரும் நான்தான்.”

என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். “வயசான காலத்துல ஒங்களுக்கு எத்தன வேசம்!” என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. “கொழுந்துப் பையில கல்லப் போட்டு நிறுத்தா எங்கள வேலைய விட்டே நிப்பாட்டிருவாங்க சேர். படிச்சவங்க போட்டா அதுக்குப் பேரு எரக்கமா?”

அங்கேயே போனை எடுத்து ஏஜன்டிடம் பேசினார். அந்தக் குவைத் வீட்டுக்கு வேறொரு பெண் போய்விட்டாள். அடுத்த இடம் வந்தால் கூப்பிடுவதாகவும், இந்த முறை மனது மாறக் கூடாதென்றும் ஏஜன்ட் சொன்னார். சரி என்று வைத்துவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினார். “அந்த ஆப்பக் காட்டுங்க. என்னதான் செஞ்சு வச்சிருக்கீங்கன்னு பாக்குறேன்.”

இத்தனை நாளும் திரையில் கணக்கைத்தான் அவர் பார்த்திருந்தார். கோப்பையைப் பார்த்ததில்லை. விடுதித் தளத்தைத் திறந்து கொடுத்தார் ‘ஏன்’ அண்ணன். விரலை அசைத்ததும் கோப்பை வந்தது. புஷ்பம் மூடினார். மறுபடி வந்தது. வேறு பக்கம் போனார். அங்கேயும் வந்து நின்றது.

“இது என்னங்க, கங்காணி மாதிரி முதுகுக்குப் பின்னாலயே வருது?”

“பதில் வந்தாத்தானே புஷ்பம் பேரு விழும்? அதான் விடாமக் கேக்க வச்சிருக்கேன்.”

“கங்காணி முதுகுல நின்னா எவளுக்குப் பேச்சு வரும்?” போனைப் பாயில் வைத்தார். “நான் பொறந்ததுல இருந்து அரைப்பேர்ல அடிபடுறேன். அந்தத் தராசத் தூக்கிட்டுப் போயி வெள்ளக்காரன் வாசல்லயும் மாட்டிட்டீங்களே! தொரைக்கு மாசச் சம்பளம். கணக்கப்பிள்ளைக்கு மாசச் சம்பளம். நீங்களே தொரையாகி, நீங்களே ஒங்களுக்கு அரைப்பேர் போடுறீங்க. என்ன கேடு ஒங்களுக்கு? மாசத்துக்கு இவ்வளவுன்னு வாங்குங்க.”

“மழ நாளுக்கும் சேத்து வாங்குறது ஞாயமா புஷ்பம்?”

“மழ நாள்ல நமக்கு வயிறு இல்லையா?”

இத்தனை வருடம் அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஊரில் யாராவது ஒரு பதில் வைத்திருந்தார்கள். இந்த ஒரு கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை என்பதை அன்று பார்த்தேன்.

அடுத்த ஏஜன்ட் கோல் வருவதற்குள் உண்மையான சம்பாத்தியம் வேண்டும். முதலில் பொய்யான பேர்களின் காசை எல்லாம் ‘ஏன்’ அண்ணன் தளத்துக்காரர்களுக்குத் திருப்பி அனுப்பினார். நடந்ததை எழுதுவது என் வேலையாயிற்று. நான் ஒரு வயதான ஆசிரியன், உங்கள் தளத்தைவிட்டுப் போனவர்களாக நடித்து எழுதியது நானே, இதை உருவாக்கியவருக்கு இதில் பங்கில்லை என்று என் பெயரில் எழுதினேன். ஏர்போட் வாடை இல்லாமல் நான் எழுதிய முதல் ஆங்கிலம் அதுவாகத்தான் இருக்கும்.

பிறகு கோப்பையை மாற்றினார். இனி ஒரே ஒரு முறை வரும், ஓரமாக நிற்கும், மூடினால் போய்விடும். விலை மாதத்துக்கு இவ்வளவு. நாய்க்கு முடிவெட்டுகிறவர் ஒரு வார்த்தையும் பேசாமல் விலகிக்கொண்டார். மெழுகுவர்த்திப் பெண் பதில் போட்டார்: தினமும் மாறுகிற உங்கள் கட்டணத்தைப் பார்த்து நான் குழம்பிக்கொண்டிருந்தேன், மாதக் கட்டணம் நிம்மதி, எழுதியவர் பொய்யராக இருக்கலாம், ஆனால் மெழுகுவர்த்தி எரியவில்லை என்பது உண்மைதானே. நோனா என்னைப் போனில் கூப்பிட்டுச் சிங்களத்தில் திட்டினார். முழு நீளத் திட்டு. அட்டை மாத்தயாவுக்காக வாங்கிய உப்பு வீடு நிறைய இருக்கிறதாம். திட்டி முடித்த பிறகு, வந்த யாத்திரீகர்கள் உப்புப் பொட்டலத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்றும் சொன்னார். அவரும் விலகவில்லை.

சில நாளில் முதல் உண்மையான பதில் வந்தது. நோனாவின் குளியலறைப் படம் பக்கவாட்டில் கிடக்கிறது, கழுத்து வலிக்கிறது என்று யாரோ எழுதியிருந்தார். பார்த்தால் ஆமாம்! போட்ட நாளிலிருந்தே படம் படுத்துத்தான் கிடந்திருக்கிறது. நான் பெற்றெடுத்த ஜெர்மன்காரரோ ஜப்பான்காரியோ ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை. அப்புறம் இன்னொரு பதில், இன்னொன்று. முதுகில் கங்காணி இல்லாததால் பேச்சு வந்தது. புதிய தளங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

ஏஜன்டின் அடுத்த கோல் வந்தபோது புஷ்பம் மலையில் நின்றாராம். கூடை முதுகில் இருக்க, “இல்லீங்க, வரல. இந்தத் தடவ நெசமாத்தான் சொல்றேன்” என்று சொல்லிவிட்டுப் போனைச் செருகிக்கொண்டு கொழுந்தில் கை வைத்தாராம். குவைத்துச் சம்பளத்துக்கு ஈடாக ஒன்றும் வரவில்லை. கூரைத் தகரம் மாற்றலாம், கடன்காரருக்கு முகம் கொடுக்கலாம், அந்த அளவுதான். இதை எல்லாம் ‘ஏன்’ அண்ணன் நானாவிடம் சொல்லிக்கொண்டிருக்க, நான் மாடிப்படியில் நின்று கேட்டேன்.

ஏனென்றால் அவர் என்னிடம் பேசினார், எதையும் கேட்கவில்லை. “இத இங்கிலீஷ்ல எழுதுங்க சேர்.” “இந்த வரி சரியில்ல சேர்.” “நான் வர்றேன் சேர்.” மரியாதையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் தெருவில் போகிற நாயைப் பார்த்துக்கூட “ஏன்டா நொண்டுற?” என்று விசாரிக்கிற மனிதர், என்னிடம் மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் இருந்தார். கேட்டால் நான் சொல்லும் பதிலை நம்ப வேண்டும். நம்ப முடியாதவனிடம் கேட்டு என்ன பயன்?

நானாவே கவனித்துவிட்டார். “என்ன சேர், அந்த மனுசன் ஒங்கள்ட்ட ஒண்டும் கேக்கிறல்லயே. ஒடம்புக்கு ஏதும் சரியில்லையா அவருக்கு?”

அவருக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் மத்தியானங்கள் நீண்டுபோயின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாமான் வாங்க டவுனுக்கு வந்த புஷ்பம் மாடி ஏறி என் அறை வாசலில் நின்றார். அன்றைக்குப் பிறகு அவர் என்னோடு பேசியதில்லை. செய்தித்தாளில் சுற்றிய சூடான பொதி ஒன்றை மேசையில் வைத்தார். ரொட்டியும், காய்ந்த மிளகாய் இடித்த கட்டச்சம்பலும்.

“கோவம் இன்னும் போகல சேர்” என்றார். “ஆனா ஒங்களுக்குச் சமைச்சுப் போட ஆளில்லைன்னு இவர் ஒரேயடியாப் பொலம்புறாரு. சாப்புடுங்க.”

அவர் நின்று பார்த்துக்கொண்டிருக்க, பிய்த்து ஒரு வாய் வைத்தேன். என்ன மிளகாயோ! காது அடைத்துவிட்டது. கண்ணிலிருந்து நீர் கொட்டியது. துடைத்துக்கொள்ளத் துணி தேடினேன்.

அப்போது படிக்கட்டின் அடியிலிருந்து, மேலே வரக் கூச்சப்பட்டுக்கொண்டு நின்ற ஒரு குரல் கேட்டது.

“ஏன் சேர், காரம் கூடவா?”

“இல்லை, அளவாகத்தான் இருக்கிறது” என்று கத்தினேன். அவரிடம் நான் சொன்ன பொய்களில் இது ஒன்றுக்காக மட்டும் எனக்கு வருத்தமில்லை.